இம்ப்ரெஷனிச நிலக்காட்சி ஓவியத்தைப் படிப்பது எப்படி? படிப்படியான முழு வழிகாட்டி

வெளியே உட்கார்ந்து, மாறிக்கொண்டே இருக்கும் ஒளியை வரைய முயன்ற 19-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவிய இயக்கம் இம்ப்ரெஷனிசம். அதைச் சேர்ந்த மோனே, சிஸ்லி, பிஸாரோ போன்றவர்களின் நிலக்காட்சி ஓவியங்களைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் "அழகாக இருக்கிறது, அமைதியாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அப்படித் தோன்றுவது சரிதான். ஆனால் அந்த அமைதியை ஓவியர் எதை வைத்து உண்டாக்கினார்? அந்த இடத்தில் அன்று நடந்துகொண்டிருந்ததற்கும் இந்த அமைதிக்கும் என்ன சம்பந்தம்? ஓவியத்தின் பொருள் பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அங்கே போய்ச் சேர ஒரு வரிசை உண்டு. முதலில் கண், அப்புறம் தகவல், கடைசியில் விளக்கம். தகவலைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தால், படித்ததை மட்டும்தான் கண் தேடும்.

பல ஓவியங்களைத் தொட்டுத் தொட்டுப் போவதைவிட ஒன்றை முழுதாகப் பார்ப்பது நல்லது. அதனால் ஆல்ஃபிரட் சிஸ்லி 1876-இல் வரைந்த ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தேடி எடுக்கப் பெயர் வேண்டும் என்பதால் சொல்லிவிடுகிறேன்: 'போர்-மார்லியில் வெள்ளம்'. படம் கிடைத்ததும் அந்தப் பெயரைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள்.

தயாராவது

அருங்காட்சியகத்தின் சொந்த இணையதளத்தில் இருக்கும் படத்தையே எடுங்கள். இணையத்தில் சுற்றும் பிரதிகளில் நிறம் ஏகத்துக்கு மாறியிருக்கும். மஞ்சள் கூடிய பிரதியை வைத்துக்கொண்டு "மாலை வெயிலின் ஏக்கம்" என்று எழுதிவிட்டால், நாம் விளக்குவது ஓவியரை அல்ல, யாரோ மாற்றிவைத்த நிறத்தை. முடிந்தால் இரண்டு பிரதிகளை அருகருகே வைத்து ஒப்பிடுங்கள்.

அளவையும் பாருங்கள். இந்த ஓவியம் 60 செ.மீ. உயரம், 81 செ.மீ. அகலம். ஒரு செய்தித்தாளை விரித்து ஏறக்குறைய அந்த அளவுக்குச் சுவரில் ஒட்டி, எதிரே நின்று பாருங்கள். ஒருவர் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய் வரக்கூடிய அளவு இது. குழாயில் அடைத்த எண்ணெய் வண்ணம் 1841-லேயே வந்துவிட்டதால், வெளியே உட்கார்ந்து வரைவது இந்தத் தலைமுறை ஓவியர்களுக்கு எளிதாகியிருந்தது. அரண்மனைச் சுவரை நிறைக்கும் படம் ஒரு மாதிரிப் பேசும், கையில் தூக்கிச் செல்லும் படம் வேறு மாதிரிப் பேசும்.

படி 1: உடம்பைக் கேளுங்கள்

"அமைதி", "சோகம்", "இனிமை" என்ற சொற்களை முதலில் எழுதவேண்டாம். அவை வந்துவிட்டால் பார்ப்பது நின்றுவிடும். அதற்குப் பதில் உடம்பு பதில் சொல்லக்கூடிய கேள்விகளைக் கேளுங்கள். அங்கே குளிருமா? காற்று அடிக்கிறதா? என்ன சத்தம் கேட்கும்? அங்கே நிற்பவர் வேகமாக நடப்பாரா, மெதுவாக நடப்பாரா? பெரும்பொழுது என்ன, சிறுபொழுது என்ன?

இந்தக் கடைசிக் கேள்வி நம் சங்க மரபில் வந்தது. நிலமும் பொழுதும் சேர்ந்ததுதான் முதற்பொருள் என்று வைத்த மரபுக்கு, பருவத்தையும் நாளின் நேரத்தையும் வைத்தே வரைந்த இம்ப்ரெஷனிஸ்டுகளைப் படிப்பது அந்நியமான வேலையாக இருக்கத் தேவையில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும் வேண்டும். நெய்தல் என்றால் இரங்கல், முல்லை என்றால் காத்திருப்பு என்ற உறவை அங்கே புலவரும் கேட்பவரும் முன்பே ஒப்புக்கொண்டிருந்தார்கள். மோனேவுக்கும் அவர் பார்வையாளர்களுக்கும் இடையே அப்படி ஓர் உடன்பாடு கிடையாது. தண்ணீர் என்றால் துயரம், பனி என்றால் மரணம் என்று அகராதி போட்டுப் படித்தால் எல்லாப் படமும் ஒரே படமாகிவிடும்.

சிஸ்லியின் படத்தில் இந்தக் கேள்விகளுக்கு என் பதில்கள் இவை: குளிர் இருக்கிறது, கடுங்குளிர் இல்லை. மெல்லிய காற்று. தண்ணீர் எதிலோ மெதுவாக மோதும் சத்தம். யாருக்கும் அவசரம் இல்லை. உங்கள் பதில்கள் வேறாக இருந்தால் மாற்றாதீர்கள். பின்னால் சரிபார்க்க அவை வேண்டும்.

படி 2: நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

நிலக்காட்சியில் பலர் தவறவிடும் கேள்வி இது. ஓவியர் நம்மை ஓரிடத்தில் நிறுத்துகிறார். மனநிலையில் பாதி அந்த இடத்திலிருந்துதான் வருகிறது.

இந்தப் படத்தில் இடப்பக்கம் உயரமான ஒரு வீடு. வலப்பக்கம் தள்ளி வரிசையாக மரங்கள். கீழே முழுவதும் தண்ணீர். நம் காலுக்கு அடியில் தரை காட்டப்படவில்லை. படத்தின் கீழ் விளிம்பிலிருந்தே தண்ணீர் தொடங்கிவிடுகிறது. நாம் பாதுகாப்பான மேட்டிலிருந்து வேடிக்கை பார்க்கவில்லை, உயரத்திலிருந்து ஆபத்தை எட்டிப் பார்க்கவும் இல்லை. அந்தத் தண்ணீரின் ஓரத்திலேயே, ஏறத்தாழ அதே மட்டத்தில் இருக்கிறோம். பெயர் தெரியாமல் பார்ப்பவர் இதை வெனிஸ் என்றுகூட நினைத்துவிடலாம். வீட்டு வாசல் வரை தண்ணீர், படகில் ஆட்கள், எல்லாம் இயல்பாக இருப்பதுபோன்ற தோற்றம். அந்த முதல் எண்ணத்தை மறந்துவிடாதீர்கள், ஏழாம் படியில் தேவைப்படும்.

படி 3: வானத்தைப் படியுங்கள்

வானம் வெறும் பின்னணியாக இருக்கக் கூடாது என்பது சிஸ்லியின் உறுதியான கருத்து. 1892-இல் அடோல்ஃப் தவெர்னியே என்ற விமர்சகருக்கு எழுதிய கடிதத்தில், தான் எப்போதும் வானத்திலிருந்துதான் படத்தைத் தொடங்குவதாகவும், படத்துக்கு ஆழத்தையும் அசைவையும் வானமே கொடுக்கிறது என்றும் சொன்னார். அதனால் அவர் படத்தை அவர் வரைந்த வரிசையிலேயே, மேலிருந்து கீழாகப் படிப்பது பொருத்தமானது.

இங்கே வானம் மூடிக் கிடக்கவில்லை. சாம்பலும் வெள்ளையுமாக மேகங்கள், நடுவே நீலம் எட்டிப் பார்க்கிறது. மேகங்கள் நகர்கின்றன. அதாவது மழை இப்போது பெய்யவில்லை, பெய்து முடிந்திருக்கலாம். அந்த வானத்தின் நிறங்களே கீழே தண்ணீரிலும் வருகின்றன. மேலும் கீழும் ஒரே குடும்ப நிறங்கள் இருப்பதால் படம் இரண்டாகப் பிளக்காமல் ஒன்றாகத் தெரிகிறது. படி 1-இல் எழுதிய "அவசரம் இல்லை" என்பதற்கு முதல் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

படி 4: நிழலின் நிறம்

இம்ப்ரெஷனிஸ்டுகளைப் பற்றித் தெரிந்துகொள்ளவேண்டிய ஒரே ஒரு நுட்பம் என்றால் நான் நிழலைத்தான் சொல்வேன். அதற்கு முந்தைய கல்விக்கூட ஓவிய மரபில் நிழல் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். இவர்கள் வெளியே உட்கார்ந்து பார்த்தபோது நிழலுக்கும் நிறம் இருப்பது தெரிந்தது. வெயில் விழாத இடத்தில் வானத்தின் நீல ஒளி விழுகிறது, அதனால் நிழல் நீலமாகிறது.

இதற்கு மோனேயின் 'மாக்பை' ஓவியத்தைப் பாருங்கள். 1868–69 குளிர்காலத்தில் எத்ரெதா பக்கம் வரைந்தது. பனி மூடிய வேலி, அதன் இடப்பக்கப் படலின் மேல் மாக்பை என்ற ஒரு கறுப்பு-வெள்ளைப் பறவை. வேலியின் நிழல் நம்மை நோக்கி நீலமாக விழுகிறது. 1869-இல், அன்றைய அதிகாரபூர்வக் கலைக் கண்காட்சியான பாரிஸ் சலோனின் நடுவர்கள் இதை நிராகரித்தார்கள். இன்று இந்தப் படம் ஏன் குளிராகவும் அதே சமயம் ஒளிமயமாகவும் தெரிகிறது என்றால், அந்த நீல நிழலுக்கு எதிரே பனியில் வெண்மஞ்சள் ஒளி இருக்கிறது. குளிர் நிறமும் வெம்மை நிறமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது இரண்டும் கூடுதலாக ஒலிக்கும்.

சிஸ்லியின் படத்துக்குத் திரும்பினால், கூர்மையான நிழல் இல்லை. மேகத்தில் வடிகட்டிய ஒளி. வெம்மை நிறம் எங்கே என்று தேடுங்கள்: வீட்டின் சுவரில். குளிர்ந்த நிறங்களுக்கு நடுவே அந்த வீடு மட்டும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக நிற்கிறது. கண் அங்கேதான் போய் நிற்கும், அப்புறம் தண்ணீரில் அதன் பிம்பத்துக்கு இறங்கும்.

படி 5: நிறத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள்

போனில் படத்தைக் கறுப்பு-வெள்ளையாக்குங்கள். ஓவியத்தில் எந்த உணர்வு நிறத்திலிருந்து வருகிறது, எது வெளிச்சம்–இருட்டு வேறுபாட்டிலிருந்து வருகிறது என்று பிரிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

மோனே 1872 என்று தேதியிட்ட, லு ஹாவ்ர் துறைமுகத்தைக் காட்டும் 'இம்ப்ரெஷன், சூரியோதயம்' ஓவியத்தில் இதைச் செய்து பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அந்த ஆரஞ்சுச் சூரியன் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். அதன் வெளிச்ச அளவும் சுற்றியுள்ள மேகத்தின் வெளிச்ச அளவும் ஏறக்குறைய ஒன்று. நிறம் மட்டுமே அதைப் பிரித்துக் காட்டுகிறது. நம் பார்வையில் நிறத்தை அறியும் பாதையும் வெளிச்சத்தை வைத்து இடத்தை அறியும் பாதையும் ஓரளவு தனித்தனியாக வேலை செய்கின்றன. ஒன்று "சூரியன் இருக்கிறது" என்கிறது, மற்றொன்று "அங்கே எதுவும் இல்லை" என்கிறது. அந்தச் சூரியன் துடிப்பதுபோலத் தோன்றுவதற்கு நரம்பியல் ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இது.

சிஸ்லியின் படத்தில் அப்படி எதுவும் மறையாது. வீடும் மரங்களும் நிறமில்லாமலும் உறுதியாக நிற்கின்றன. மோனேயின் துறைமுகம் கரைகிறது, சிஸ்லியின் வீடு கரையவில்லை. இரண்டுமே தண்ணீரும் விடிவெளிச்சம் போன்ற மென்மையும் கொண்ட படங்கள்தான், ஆனால் மனநிலை வேறு என்று இப்போது காரணத்தோடு சொல்ல முடிகிறது.

படி 6: தூரிகை எப்படி நகர்ந்தது?

படத்தைப் பெரிதாக்கி, பகுதி பகுதியாகத் தீற்றல்களைப் பாருங்கள். அவை நீளமா குட்டையா, படுக்கையா செங்குத்தா, தடிப்பா மெல்லியதா? சிஸ்லி எல்லாவற்றையும் ஒரே மாதிரி வரையவில்லை. தண்ணீரில் குட்டையான, படுக்கைவாட்டான தீற்றல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக. வீட்டில் தூரிகை அடங்கி, கோடுகளை மதித்து நடக்கிறது. வானத்தில் அகலமாக வீசுகிறது. நகர்வது எது, நகராதது எது என்பதைத் தூரிகையே பிரித்துவிட்டது.

மனிதர்களையும் இந்தப் படியிலேயே பார்த்துவிடலாம். வீட்டின் அருகே படகுகள், சில ஆட்கள். சின்னச் சின்னத் தீற்றல்கள்தான், முகம் கிடையாது. யாரும் கையை உயர்த்திக் கூப்பிடவில்லை, ஓடவில்லை.

படி 7: இப்போது பெயரைப் படியுங்கள்

போர்-மார்லி பாரிஸுக்கு மேற்கே செய்ன் நதிக்கரையில் இருக்கும் ஊர். 1876 வசந்தத்தில் நதி கரை புரண்டது. அருகில் மார்லி-லு-ருவாவில் குடியிருந்த சிஸ்லி வந்து அந்த வெள்ளத்தைப் பல கேன்வாஸ்களில் வரைந்தார். அந்த உயரமான வீடு ஒரு மதுக்கடை. நாம் கால்வாய் என்று நினைத்தது தெரு. அந்த மரங்கள் தெருவோர மரங்கள். வண்டி போகவேண்டிய இடத்தில் படகு போகிறது.

இங்கே ஒரு கணம் நின்று, படி 1-இல் எழுதியதை எடுத்துப் பாருங்கள். "அவசரம் இல்லை" என்று எழுதியிருந்தோம். படம் காட்டுவதோ ஒரு பேரிடர். இந்த இடைவெளியைக் கண்டுபிடிக்கத்தான் பெயரை ஒதுக்கி வைத்தோம். பெயரை முதலில் படித்திருந்தால், "வெள்ளத்தின் சோகத்தை ஓவியர் அருமையாகக் காட்டுகிறார்" என்று எழுதியிருப்போம். படத்தில் அந்தச் சோகம் இல்லவே இல்லை.

அன்றைய பிரெஞ்சுப் பார்வையாளருக்கு வெள்ளம் என்றால் என்ன படம் மனதில் வரும் என்று தெரிந்தால் இது இன்னும் தெளிவாகும். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் நிக்கோலா பூஸான் என்ற பிரெஞ்சு ஓவியர் 17-ஆம் நூற்றாண்டில் வரைந்த 'குளிர்காலம்' இருக்கிறது. விவிலியப் பெருவெள்ளம் அதன் பொருள். இருண்ட வானம், மின்னல், கவிழும் படகு, குழந்தையை மேலே தூக்கிக் கொடுக்கும் கைகள். வெள்ளம் என்றால் கடவுளின் கோபம், மனிதரின் கதறல். சிஸ்லி அந்த மொழியை முழுவதும் விட்டுவிட்டார்.

படி 8: இடைவெளிக்கு என்ன பொருள்?

இதுதான் கடினமான படி, ஆகவே அவசரப்படவேண்டாம். சாத்தியமான விளக்கங்களை எழுதி, ஒவ்வொன்றையும் படத்தோடு வைத்துச் சோதியுங்கள்.

சிஸ்லிக்கு மனிதத் துன்பத்தில் அக்கறையில்லை, தண்ணீரில் விழும் ஒளி மட்டுமே வேண்டியிருந்தது என்று ஒரு வாசிப்பு உண்டு. ஒளி அவரை இழுத்தது உண்மை. ஆனால் ஒளி மட்டும் போதுமென்றால் நதியின் நடுப்பகுதியைப் பார்த்து வரைந்திருக்கலாம். அவர் ஒரு கடையை, அதன் வாசலில் படகில் நடமாடும் ஆட்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

மாறாக, இது தாங்கி நிற்பதைப் பற்றிய படம் என்று படிக்கலாம். வீட்டுக்குத் தந்த வெம்மை நிறம், அடங்கிய தூரிகை, கறுப்பு-வெள்ளையிலும் கலையாத உருவம், வேலையைப் பார்க்கும் ஆட்கள் என்று நான்கு சாட்சிகள் இதற்கு இருக்கின்றன. நான் இந்தப் பக்கம்தான் சாய்கிறேன். வெள்ளத்தில் ஊர் எப்படி அழிகிறது என்பதைவிட, வெள்ளத்துக்குள்ளும் ஒரு நாள் எப்படி நடக்கிறது என்பதை இந்தப் படம் பார்க்கிறது. வெள்ளம் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இது தெரியும்: தண்ணீர் ஏறும் இரவு வேறு, தண்ணீர் நின்றுவிட்ட மறுநாள் காலை வேறு. அந்தக் காலையில் ஒரு விசித்திரமான நிச்சலனம் இருக்கும், அது அழகாகவும் இருக்கும். அதைச் சொல்லக் கூசுவோம். சிஸ்லி கூசவில்லை.

"இயற்கையின் முன் மனிதன் சிறியவன்" என்ற விளக்கத்தை நான் ஒதுக்கிவிடுவேன். எந்த நிலக்காட்சிக்கும் ஒட்டக்கூடிய வாக்கியம் இந்தப் படத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. உங்கள் விளக்கம் வேறு ஓவியத்துக்கும் அப்படியே பொருந்துகிறதா என்று சோதியுங்கள். பொருந்தினால் அடித்துவிட்டு மறுபடி பாருங்கள்.

படி 9: உடன்பிறந்த படங்கள்

இம்ப்ரெஷனிஸ்டுகள் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தவர்கள். மோனே 1891-இல் வைக்கோல் போர் ஓவியங்கள் 15-ஐ ஒன்றாகக் காட்சிக்கு வைத்தார். இது நமக்குப் பெரிய உதவி. இடம் மாறாமல் மனநிலை மட்டும் மாறும்போது, ஓவியர் எதை மாற்றினார் என்பது பளிச்சென்று தெரியும்.

ஓர்சேவிலேயே சிஸ்லி அதே ஆண்டு வரைந்த 'வெள்ளத்தின்போது படகு, போர்-மார்லி' இருக்கிறது. அதே கடை. இரண்டையும் அருகருகே வைத்து வானத்தின் பங்கு, வீட்டின் நெருக்கம், ஆட்களின் இடம் ஆகிய மூன்றை மட்டும் ஒப்பிடுங்கள். 1872-இலும் அவர் இதே பகுதியில் வெள்ளத்தை வரைந்திருக்கிறார். எனவே 1876-இல் அவர் முதல் அதிர்ச்சியில் வரையவில்லை. தேடி வந்து வரைந்திருக்கிறார்.

வழுக்கும் இடங்கள்

வாழ்க்கை வரலாறு பெரிய வழுக்குப் பாறை. சிஸ்லியின் குடும்ப வியாபாரம் 1870–71 பிரஷ்யப் போரை ஒட்டி நொடித்துப்போனது. அவர் கடைசி வரை பணக் கஷ்டத்தில் இருந்து 1899-இல் இறந்தார். அடுத்த ஆண்டே இந்த வெள்ளப் படம் ஏலத்தில் 43,000 பிராங்குக்குப் போனது. இதைப் படித்தால் மனம் கனக்கும், எனக்கும் கனக்கிறது. ஆனால் அந்தக் கனத்தைப் படத்துக்குள் ஏற்றி, "வெள்ளம் என்பது அவர் மூழ்கிய வாழ்க்கை" என்று எழுதக்கூடாது. படத்தில் வீடு மூழ்கவில்லை. மோனேயின் கண்புரையும் இப்படித்தான். அவருக்கு 1912-இல் கண்புரை கண்டறியப்பட்டது, 1923-இல் அறுவை சிகிச்சை நடந்தது. கடைசிக் காலப் படங்களின் செம்பழுப்பு நிறத்தைப் பற்றிப் பேச அது உதவும். 1872 என்று தேதியிட்ட துறைமுகப் படத்தின் பனிமூட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

குறியீடு தேடுவது இன்னொன்று. அந்தக் கடையின் சுவரில் புனித நிக்கோலாவின் பெயர் எழுதியிருக்கிறது. நிக்கோலா மாலுமிகளின் காவலர். உடனே கை பரபரக்கும். ஆனால் அது அந்தக் கடையின் உண்மையான பெயர். ஓவியர் அதை அழிக்காமல் விட்டார் என்று மட்டும் சொல்லலாம், அதற்கு மேல் போகவேண்டாம்.

'இம்ப்ரெஷன்' என்றதும் ஒரே மூச்சில் முடித்த படம் என்று நினைப்பதும் பொதுவான தவறு. மோனே தன் ருவான் தேவாலயத் தொடரைத் தொடங்கியது 1892-இல், இடத்திலேயே. முடித்தது 1894-இல், தன் பட்டறையில். அந்த உடனடித் தன்மை உழைத்து உண்டாக்கியது.

படி 10: எழுதுங்கள்

பார்த்தது, தெரிந்தது, ஊகித்தது என்ற மூன்றையும் வாக்கிய அளவிலேயே பிரித்து எழுதுங்கள். ஒரு மாதிரி:

"படத்தின் கீழ் விளிம்பு வரை தண்ணீர் வருகிறது, நமக்கு நிற்கத் தரை இல்லை. வானத்தின் சாம்பலும் நீலமும் தண்ணீரில் தொடர்வதால் காட்சி ஒரே அமைதியில் இணைகிறது. அந்தக் குளிர் நிறங்களுக்கு நடுவே வீடு மட்டும் வெம்மையாக, உறுதியான கோடுகளோடு நிற்கிறது. இது 1876-இல் செய்ன் நதி புகுந்த தெரு. வெள்ள ஓவியங்களில் வழக்கமான இருட்டும் கதறலும் இங்கே இல்லை. தண்ணீர் ஏறிய பிறகு எஞ்சும் நிலையையும், அதற்குள் தொடரும் அன்றாடத்தையும் சிஸ்லி வரைகிறார் என்று இதை நான் படிக்கிறேன்."

"நான் படிக்கிறேன்" என்பதை விட்டுவிடாதீர்கள். அதற்கு முன்னால் உள்ளவை யாரும் படத்தில் சரிபார்க்கக்கூடியவை. அந்த வாக்கியம் மட்டும் உங்களுடையது.

அடுத்து எதைப் பார்ப்பது?

பிஸாரோவின் 'உறைபனி', 1873, இதுவும் ஓர்சேவில்தான். உழுத வயல், முதுகில் விறகுக்கட்டோடு நடக்கும் ஒருவர், நிலத்தின் மேல் நீளமான நீல நிழல்கள். இதையும் பெயரை மறைத்துவிட்டு முதல் படியிலிருந்து தொடங்குங்கள். இரண்டாம் படியில் மட்டும் கூடுதல் நேரம் செலவிடுங்கள். அந்த நிழல்களை விழச் செய்யும் மரங்கள் படத்தின் விளிம்புக்கு வெளியே இருக்கின்றன. 1874-இல் முதல் இம்ப்ரெஷனிசக் கண்காட்சியைப் பார்த்த விமர்சகர் கஸ்தாஞாரி இதைக் குறையாகச் சொன்னார். அது உண்மையிலேயே குறையா, இல்லை நம்மை அந்த மரங்களுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்துகிறதா என்பதை உங்கள் கண்ணை வைத்தே முடிவு செய்யுங்கள்.